மூடிய பரப்பின் மின்பாயம்: தொகையிடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான். ஒரு மூடிய பரப்பு இருக்கிறது; அதன் உள்ளேயும் வெளியேயும் மின்னூட்டங்கள் இருக்கின்றன. பரப்பின் வழியே செல்லும் மொத்த மின்பாயத்தைக் காஸ் விதியால் எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே இருக்கும் மின்னூட்டமும் பரப்பின் மேல் மின்புலத்தை உண்டாக்கத்தானே செய்கிறது, அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எப்படிச் சரியாகும்? கனசதுரத்தின் மூலையில் மின்னூட்டம் இருந்தால் எட்டில் ஒரு பங்கு என்கிறார்களே, அந்த எட்டு எங்கிருந்து வந்தது?

நேரடியான பதில் ஒரு வரிதான்:

மொத்த மின்பாயம் = உள்ளே இருக்கும் நிகர மின்னூட்டம் ÷ எப்சிலான் நாட்

எப்சிலான் நாட் என்பது வெற்றிடத்தின் விடுதிறன். மதிப்பு 8.854 × 10⁻¹², அலகு கூலூம்² / (நியூட்டன் மீட்டர்²). பாயத்தின் அலகு நியூட்டன் மீட்டர்² / கூலூம். வோல்ட் மீட்டர் என்று எழுதினாலும் அதேதான். கையோடு ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்குகள் வாய்க்கணக்காகிவிடும்: 1 நானோ கூலூம் மின்னூட்டம் தன்னைச் சூழ்ந்த எந்த மூடிய பரப்பின் வழியாகவும் சுமார் 113 அலகு பாயத்தைத் தரும். இனி கீழே வெறும் ‘அலகு’ என்றால் அது நியூட்டன் மீட்டர்² / கூலூம்.

இவ்வளவுதான் விதி. ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வேறு வேலைகள் செய்கிறோம், குழப்பம் முழுக்க அங்கேதான் பிறக்கிறது. மூடிய பரப்பின் மொத்தப் பாயத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. ஒரு புள்ளியில் மின்புலம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்குச் சமச்சீர் தேவையே இல்லை. பரப்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும், மின்னூட்டங்கள் எப்படிச் சிதறிக் கிடந்தாலும் விடை கிடைக்கும். இரண்டாவது வேலைக்குத்தான் கோளம், உருளை, தளம் என்ற சமச்சீர் வேண்டும். பாடப்புத்தகங்களில் இரண்டாவது வேலைக்கே அதிகப் பக்கம் ஒதுக்குவதால், ‘சமச்சீர் இல்லாவிட்டால் காஸ் விதி செல்லாது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். விதி எங்கும் செல்லும். அதிலிருந்து மின்புலத்தைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்பதுதான் சமச்சீரைப் பொறுத்தது.

பாயம் என்றால் என்ன என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். பரப்பை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மின்புலத்தின் செங்குத்துக் கூறை மட்டும் எடுத்துத் துண்டின் பரப்பளவால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். மூடிய பரப்பு என்றால் செங்குத்தின் திசை எப்போதும் வெளிநோக்கித்தான். ஆகவே புலம் வெளியேறும் இடத்தில் பாயம் நேர்க்குறி, உள்ளே நுழையும் இடத்தில் எதிர்க்குறி, பரப்பை ஒட்டியே போகும் இடத்தில் சுழி. நிலைமின்னியலில் எதுவும் உண்மையில் ஓடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இது ஒரு கூட்டுத்தொகை, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடம்: விடை ஏன் பரப்பின் வடிவத்தைப் பொறுத்ததல்ல?

ஒரு புள்ளி மின்னூட்டத்தை மையமாக வைத்து ஒரு கோளம் வரையுங்கள். கூலூம் விதிப்படி புலம் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. கோளத்தின் பரப்பளவு ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. ஆரத்தை இரு மடங்காக்கினால் புலம் கால் பங்காகும், பரப்பளவு நான்கு மடங்காகும், பெருக்குத்தொகை மாறாது. கோளம் சிறியதா பெரியதா என்பதைப் பற்றிப் பாயத்துக்குக் கவலையில்லை. கூலூம் விதியில் அடுக்கு 2 என்று இருப்பதால்தான் இது நடக்கிறது. இயற்கை புலத்தை மும்மடிக்கு எதிர்விகிதத்தில் வைத்திருந்தால் பெரிய கோளத்தில் பாயம் குறைந்திருக்கும், காஸ் விதி என்று ஒன்றே இருந்திருக்காது.

சரி, கோளம் என்றால் எளிது. நசுங்கிய, மேடுபள்ளமான பரப்பு என்றால்? மின்னூட்டத்தை உச்சியாகக் கொண்டு ஒரு மெல்லிய கூம்பை எல்லாத் திசைகளிலும் நீட்டிப் பாருங்கள். அந்தக் கூம்பு பரப்பை ஒரு சிறு துண்டாக வெட்டும். துண்டு சாய்ந்திருந்தால், நேராக இருப்பதைவிட அதன் பரப்பளவு கூடுதல். எவ்வளவு கூடுதல் என்றால் சாய்வுக் கோணத்தின் கொசைனால் வகுத்த அளவு. ஆனால் பாயத்தில் நாம் எடுப்பது செங்குத்துக் கூறை மட்டும், அது அதே கொசைனால் பெருக்கிய அளவு. இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. தூரத்தின் இருமடியும் முன்பு சொன்னபடி அடிபட்டுவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது அந்தக் கூம்பின் திண்மக்கோணம் ஒன்றுதான், அதாவது உச்சியிலிருந்து கூம்பு எவ்வளவு விரிகிறது என்பதன் அளவு. எல்லாக் கூம்புகளையும் கூட்டினால் திண்மக்கோணம் 4 பை. கூலூம் விதியின் பகுதியில் இருக்கும் 4 பை இதோடு நீங்கி, மின்னூட்டம் ÷ எப்சிலான் நாட் மட்டும் நிற்கிறது.

வெளியே இருக்கும் மின்னூட்டத்துக்கும் இதே கூம்பை நீட்டுங்கள். கூம்பு பரப்புக்குள் ஓரிடத்தில் நுழைந்து இன்னோரிடத்தில் வெளியேறும். இரண்டு துண்டுகளுக்கும் திண்மக்கோணம் ஒன்றே; குறி மட்டும் எதிர். கூட்டினால் சுழி. பரப்பு உள்வாங்கிக் குழிந்திருந்தால் கூம்பு இரண்டு முறை நுழைந்து இரண்டு முறை வெளியேறலாம், அப்போதும் சோடி சோடியாகக் கழிந்துவிடும். உள்ளே இருக்கும் மின்னூட்டத்திலிருந்து கிளம்பும் கூம்போ பரப்பை ஒற்றைப்படை முறைதான் கடக்க முடியும், ஆகவே ஒரு கடப்பு எப்போதும் மிஞ்சும்.

ஆக, வெளி மின்னூட்டத்தை நாம் ‘விட்டுவிடுவது’ இல்லை. அதையும் சேர்த்துத்தான் கணக்கு. அதன் பங்கு சுழியாக வருகிறது. இந்த வேறுபாடு அற்பமானதல்ல. விதியின் இடப்பக்கத்தில், தொகையீட்டுக்குள் இருக்கும் மின்புலம் உள்ளே வெளியே எல்லா மின்னூட்டங்களும் சேர்ந்து உண்டாக்குவது. வலப்பக்கத்தில் உள்ளே இருப்பவை மட்டும். கணக்குக்காக நாம் கற்பனையில் வரையும் மூடிய பரப்பைக் காஸியன் பரப்பு என்பார்கள். தேர்வுகளில் ‘காஸியன் பரப்பின் மேல் ஒரு புள்ளியில் உள்ள மின்புலம் எவற்றால் உண்டாகிறது?’ என்று கேட்பார்கள். ‘உள்ளே இருப்பவற்றால் மட்டும்’ என்று எழுதினால் தவறு.

இந்த விதிக்குக் காஸின் பெயர் நிலைத்துவிட்டாலும், ஈர்ப்புவிசை பற்றிய ஆய்வில் லெக்ராஞ்ச் 1773-லேயே இந்தக் கருத்தைத் தொட்டிருந்தார். காஸ் 1813-இல் நீள்வட்டத் திண்மங்களின் ஈர்ப்பைப் பற்றி எழுதும்போதும், பின்னர் 1835-லும் இதைக் கையாண்டார். ஈர்ப்புவிசையும் எதிர் இருமடி விதி என்பதால் அங்கும் இதே கூம்பு வாதம் அப்படியே பொருந்தும்.

அடுக்கு 2 என்பது எவ்வளவு துல்லியம் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்கூடக் காஸ் விதியின் வழியாகத்தான் வந்தது. விசையை நேரடியாக அளந்து பார்ப்பதைவிட, மின்னேற்றிய உலோகக் கோளத்தின் உள்ளே புலம் இருக்கிறதா என்று தேடுவது பல மடங்கு நுட்பமான சோதனை. அடுக்கு 2-இலிருந்து கொஞ்சம் விலகினாலும் உள்ளே ஏதோ மிஞ்ச வேண்டும். கேவண்டிஷ் 1770-களில் ஒரு கோளத்தை இன்னொன்றுக்குள் வைத்து இதைச் செய்தார். அடுக்கு 2-இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலக முடியாது என்று கண்டார். அதை அவர் அச்சிடவே இல்லை. நூறாண்டு கழித்து, 1879-இல் மேக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். 1971-இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் மூவரும் இதே உத்தியை நவீன மின்னணுக் கருவிகளோடு செய்து, விலகல் இருந்தால்கூட அது 10⁻¹⁶ என்ற அளவில்தான் இருக்க முடியும் என்று காட்டினார்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். ஒரு கோணலான மூடிய பரப்புக்குள் +6 நானோ கூலூம், −2 நானோ கூலூம் என இரண்டு மின்னூட்டங்கள். பரப்புக்கு வெளியே, அதை ஏறக்குறைய உரசிக்கொண்டு +50 நானோ கூலூம். மொத்தப் பாயம்? உள்ளே நிகரம் 4 நானோ கூலூம்; 4 × 113 = 452 அலகு, வெளிநோக்கி. +50-ஐ இன்னும் அருகே கொண்டுவாருங்கள், தூரத்துக்குத் தள்ளுங்கள், எதிர்ப்பக்கம் வையுங்கள்; பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் புலம் தலைகீழாக மாறும், மொத்தம் மட்டும் 452-ஆகவே நிற்கும். −2-ஐ உள்ளுக்குள்ளேயே எங்கு நகர்த்தினாலும் அப்படித்தான். அதைப் பரப்பைத் தாண்டி வெளியே எடுத்த நொடியில் பாயம் 678-ஆகத் தாவும்.

உள்ளே +5, −5 என்று இருந்தால் பாயம் சுழி. அதற்காகப் பரப்பின் மேல் புலம் சுழி என்று எழுதிவிடாதீர்கள். இப்படிச் சம அளவில் எதிர்க்குறியுள்ள இரு மின்னூட்டங்களால் ஆன மின் இருமுனையைச் சுற்றிய பரப்பில் எங்கும் புலம் இருக்கும். ஒரு பக்கம் வெளியேறுவதும் மறுபக்கம் நுழைவதும் சமம், அவ்வளவே. அதுபோல, பாயம் சுழி என்றால் உள்ளே மின்னூட்டமே இல்லை என்பதும் தவறு. ‘நிகர மின்னூட்டம் சுழி’ என்பதற்கு மேல் ஒரு சொல்கூடச் சொல்ல விதி நமக்கு உரிமை தருவதில்லை.

இதில் கொஞ்சம் நுட்பமான எடுத்துக்காட்டு ஒன்று. மின்கடத்தாப் பொருளால் ஆன ஆறு சதுரத் தகடுகளை ஒட்டி உள்ளீடற்ற கனசதுரம் செய்து, மேற்பரப்பு முழுக்கச் சீராக மின்னேற்றிவிட்டோம் என்று வையுங்கள். உள்ளே எந்த மூடிய பரப்பு வரைந்தாலும் பாயம் சுழி. புலமும் சுழியா? இல்லை. மையத்தில் சுழி, மற்ற இடங்களில் பொதுவாக அப்படியில்லை. சீராக மின்னேறிய கோளக் கூட்டுக்குள் மட்டும் எங்கும் சுழி என்று சொல்ல முடிகிறது, ஏனென்றால் அங்கே அதே மையத்தைச் சுற்றி உள்ளே வரையும் எந்தக் கோளத்தின் மேலும் புலம் எல்லாப் புள்ளிகளிலும் ஆரத்தின் திசையில், ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கோளச் சமச்சீர் கட்டாயப்படுத்துகிறது. இரண்டு கேள்விகளிலும் காஸ் விதி ஒன்றேதான். முடிவைத் தருவது சமச்சீர்.

இனி அந்தக் கனசதுரம். இந்த வகைக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை உத்தி ஒன்றுதான்: திறந்திருப்பதை மூடுங்கள், மின்னூட்டத்தை நடுவில் கொண்டுவாருங்கள், பிறகு சமச்சீரால் பங்கு பிரியுங்கள்.

மையத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆறு முகங்களும் ஒன்றுபோல, ஆகவே ஒவ்வொன்றுக்கும் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. 3 நானோ கூலூம் என்றால் மொத்தம் 339, ஒரு முகத்துக்கு 56.5 அலகு. கனசதுரத்தின் பக்க அளவைக் கேள்வியில் கொடுத்திருப்பார்கள். அது தேவையே இல்லை, உங்களைக் குழப்பத்தான். மின்னூட்டத்தை மையத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தினால் மொத்தம் மாறாது, ஆனால் ஆறில் ஒரு பங்கு என்று சொல்ல முடியாது. அப்போது முகத்துக்கு முகம் திண்மக்கோணத்தைத் தொகையிட்டுத்தான் ஆக வேண்டும்.

மின்னூட்டம் மூலையில் இருக்கட்டும். அந்த மூலையைச் சுற்றி இதே அளவில் இன்னும் ஏழு கனசதுரங்களை அடுக்குங்கள். இரு மடங்கு பக்கமுள்ள பெரிய கனசதுரம் உருவாகும், மின்னூட்டம் அதன் நட்டநடுவில் இருக்கும். பெரியதன் மொத்தப் பாயம் முழு மின்னூட்டம் ÷ எப்சிலான் நாட். எட்டுக் கனசதுரங்களுக்கும் சம உரிமை என்பதால் நம்முடையதற்கு எட்டில் ஒரு பங்கு. அந்த எட்டு வந்தது இங்கிருந்துதான்.

அத்தோடு நிறுத்தாமல் முகங்களையும் பாருங்கள். மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று முகங்களில் புலக்கோடுகள் முகத்தை ஒட்டியே ஓடுகின்றன; செங்குத்துக் கூறு இல்லை, பாயம் சுழி. எட்டில் ஒரு பங்கு முழுவதும் எதிரே இருக்கும் மூன்று முகங்கள் வழியாகத்தான் போக வேண்டும், அவை தமக்குள் சமம், ஆகவே ஒவ்வொன்றுக்கும் இருபத்துநான்கில் ஒரு பங்கு. வேறு வழியில் சரிபார்க்கலாம்: பெரிய கனசதுரத்தின் ஒரு முகத்துக்கு ஆறில் ஒரு பங்கு, அந்த முகம் நான்கு சிறு முகங்களால் ஆனது, 6 × 4 = 24. 6 நானோ கூலூமை மூலையில் வைத்தால் கனசதுரத்துக்கு மொத்தம் சுமார் 85 அலகு, எதிர் முகம் ஒவ்வொன்றுக்கும் சுமார் 28.

விளிம்பின் நடுவில் இருந்தால் நான்கு கனசதுரங்கள் போதும், கால் பங்கு. முகத்தின் நடுவில் இருந்தால் இரண்டு போதும், அரைப் பங்கு.

இங்கே ஒரு நெருடல் உண்டு, நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. புள்ளி மின்னூட்டம் பரப்பின் மேலேயே இருந்தால் அந்தப் புள்ளியில் புலம் முடிவிலி. அது ‘உள்ளே’யா ‘வெளியே’யா என்று விதி எதுவும் சொல்வதில்லை. அரை, கால், எட்டில் ஒன்று என்பவை அந்த ஒரு புள்ளியை விலக்கிவிட்டு மற்றப் பரப்பின் வழியே போகும் பாயத்தைக் கணக்கிட்டதாகப் பொருள். மூலையில் ஒரு மிகச் சிறிய மின்னேறிய உருண்டை இருக்கிறது, அதன் எட்டில் ஒரு பகுதிதான் கனசதுரத்துக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் உறுத்தல் போய்விடும், விடையும் மாறாது.

திறந்த பரப்புகளுக்கும் இதே உத்தி. பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத் தகடு. அதன் நடுவுக்கு நேர்மேலே 5 சென்டிமீட்டரில் ஒரு மின்னூட்டம். தகட்டின் வழியே பாயம்? உயரம் பக்கத்தின் சரிபாதி என்பதைக் கவனித்தால் போதும். தகட்டை அடிமுகமாக வைத்து மற்ற ஐந்து முகங்களையும் கற்பனையில் எழுப்பினால் மின்னூட்டம் மையத்தில் வந்துவிடும், விடை ஆறில் ஒரு பங்கு. இதற்கு நேரடித் தொகையீடும் உண்டு. செய்து பார்த்தால் அதே ஆறில் ஒன்று வரும், அரைப் பக்கக் கணக்குக்குப் பிறகு. இப்போது மின்னூட்டம் வெளியே இருக்கும்படி, தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கனசதுரத்தை வைத்தால் என்ன ஆகும்? அருகிலிருக்கும் முகத்தின் வழியே ஆறில் ஒரு பங்கு உள்ளே நுழைகிறது. மொத்தம் சுழியாக வேண்டும். ஆகவே மீதி ஐந்து முகங்களும் சேர்ந்து ஆறில் ஒரு பங்கை வெளியே விட வேண்டும். தொகையீடு எதுவும் இல்லாமலே இது கிடைத்துவிடுகிறது.

வட்டத் தகடு என்றால் கனசதுரம் உதவாது, கோளம் உதவும். அச்சின் மேல் இருக்கும் மின்னூட்டத்திலிருந்து பார்க்கும்போது தகட்டின் விளிம்பு அச்சோடு 60 பாகை கோணம் செய்தால், தகட்டுக்குப் பதில் அதே விளிம்பில் முடியும் கோளத் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே மின்னூட்டம் இல்லை, எனவே பாயம் சமம். தொப்பி முழுக் கோளத்தில் எத்தனை பங்கு? (1 − கொசைன் 60) ÷ 2, அதாவது கால் பங்கு. முடிந்தது.

சீரான புலத்தில் வைத்த அரைக்கோளமும் இதே குடும்பம்தான். வளைந்த பரப்பின் மேல் தொகையிட உட்காராதீர்கள். உள்ளே மின்னூட்டம் இல்லை, மொத்தம் சுழி. தட்டையான வட்ட முகத்துக்குச் செங்குத்தாகப் புலம் நுழைந்தால் அங்கே பாயம் புலம் × வட்டத்தின் பரப்பளவு, எதிர்க்குறியோடு. வளைந்த பக்கம் அதே அளவு, நேர்க்குறியோடு.

உள்ளே இருப்பது புள்ளி அல்ல, கம்பியோ தகடோ என்றால் கணக்கு இயற்பியலிலிருந்து வடிவியலுக்குத் தாவிவிடும். மீட்டருக்கு 5 நானோ கூலூம் மின்னூட்டமுள்ள நீண்ட நேர்க்கம்பி, 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை ஊடுருவிப் போகிறது. பாயம் அதிகபட்சம் எவ்வளவு ஆகலாம்? கம்பியின் எவ்வளவு நீளம் உள்ளே அடங்கும் என்பதுதான் கேள்வி. மூலைவிட்டம் வழியே போனால் 34.6 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும், மின்னூட்டம் 1.73 நானோ கூலூம், பாயம் சுமார் 196 அலகு. முகங்களுக்குச் செங்குத்தாகப் போனால் 20 சென்டிமீட்டர்தான், 113 அலகு. தகடு ஒன்று கோளத்தை வெட்டினால், வெட்டுமுகம் ஒரு வட்டம். கோளத்தின் ஆரம் 10, மையத்திலிருந்து தகட்டின் தூரம் 6 என்றால் வட்டத்தின் ஆரம் 8 சென்டிமீட்டர். வட்டத்தின் பரப்பளவைத் தகட்டின் மின்னூட்ட அடர்த்தியால் பெருக்கி எப்சிலான் நாட்டால் வகுத்தால் வேலை முடிந்தது. கம்பியும் தகடும் முடிவிலியாக இருப்பது பாயத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. உள்ளே இருப்பதைத்தான் எண்ணுகிறோம்.

தலைகீழ்க் கணக்கு எனக்கு இன்னும் பிடித்தது: புலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே எவ்வளவு மின்னூட்டம் என்று கேட்பது. புலம் எக்ஸ் அச்சின் திசையில் மட்டும் இருக்கிறது, அளவு (300 + 400 × எக்ஸ்) நியூட்டன்/கூலூம் என்று வையுங்கள், எக்ஸ் மீட்டரில். 0.1 மீட்டரில் தொடங்கி 0.3 மீட்டரில் முடியும் ஒரு கனசதுரம், பக்கம் 0.2 மீட்டர். நான்கு பக்க முகங்களைப் புலம் ஒட்டியே போகிறது, அங்கே சுழி. இடப்பக்க முகத்தில் புலம் 340, வலப்பக்க முகத்தில் 420. முகத்தின் பரப்பளவு 0.04. நுழைவது 13.6, வெளியேறுவது 16.8, நிகரம் 3.2 அலகு. எப்சிலான் நாட்டால் பெருக்கினால் 2.83 × 10⁻¹¹ கூலூம், அதாவது சுமார் 28 பிக்கோ கூலூம். அந்த 300 என்ற மாறாத பகுதி விடையில் எங்குமே தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். சீரான புலம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் மூடிய பரப்புக்குள் நுழைந்த அளவே வெளியேறிவிடும். இடத்துக்கு இடம் புலம் மாறும் விதம்தான் மின்னூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இதே முறையில் பூமியையே எடைபோடலாம், அதாவது அதன் மின்னூட்டத்தை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் தரைக்கு அருகே ஏறத்தாழ மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் கீழ்நோக்கிய மின்புலம் எப்போதும் இருக்கிறது. பூமியின் பரப்பளவு 5.1 × 10¹⁴ மீட்டர்². தரையை ஒட்டி ஒரு காஸியன் பரப்பைப் போர்த்தினால் பாயம் −5.1 × 10¹⁶ அலகு, மின்னூட்டம் ஏறத்தாழ −4.5 × 10⁵ கூலூம். பெரிய எண்போலத் தோன்றும். சதுர மீட்டருக்குப் பிரித்தால் ஒரு நானோ கூலூமுக்கும் குறைவு. அடுத்து அந்தப் பரப்பை மேலே உயர்த்துங்கள். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் புலம் மீட்டருக்குச் சில வோல்ட் என்று சுருங்கிவிடுகிறது. பரப்பளவு கிட்டத்தட்ட மாறவில்லை, பாயம் மட்டும் பெரிதாகக் குறைந்திருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்: இடையில் இருக்கும் காற்றில் நேர் மின்னூட்டம் இருக்கிறது, அதன் அளவு தரையின் எதிர் மின்னூட்டத்தைக் கிட்டத்தட்ட சரிக்கட்டும் அளவு. ஒரு அயனியையும் எண்ணாமல் இவ்வளவும் சொல்லிவிடலாம்.

உலோகங்களில் இந்த விதி இன்னும் கூர்மையாக வேலை செய்யும், ஏனென்றால் நிலைமின் சமநிலையில் உலோகத்தின் உட்பொருளில் புலம் சுழி என்பது முன்கூட்டியே தெரியும். மின்னேறாத உலோகக் கட்டி ஒன்றில் ஒரு குழிவு. குழிவுக்குள், சுவரைத் தொடாமல், +3 நானோ கூலூம். குழிவைச் சுற்றி உலோகத்துக்குள்ளேயே ஒரு பரப்பு வரையுங்கள். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் புலம் சுழி, பாயம் சுழி, ஆகவே உள்ளே நிகர மின்னூட்டமும் சுழி. அப்படியானால் குழிவின் சுவரில் −3 வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டி மொத்தத்தில் நடுநிலை என்பதால் வெளிப்பரப்பில் +3. குழிவு எந்த வடிவமானாலும், மின்னூட்டம் குழிவுக்குள் எங்கிருந்தாலும் இந்த எண்கள் மாறா. சுவரில் அது எப்படிப் பரவியிருக்கிறது என்பது மட்டும் மாறும், அதைக் காஸ் விதி சொல்லாது. ஃபாரடே 1843-இல் மின்னேற்றிய உருண்டையை நூலில் கட்டி உலோக வாளிக்குள் இறக்கிக் காட்டியது இதைத்தான். உருண்டை நன்றாக உள்ளே இறங்கிய பிறகு அதை எப்படி அசைத்தாலும் வாளியின் வெளிப்புறத்தோடு இணைத்த மின்காட்டி அசையவில்லை.

மின்காப்புப் பொருள்கள் வந்தால் ஒரு எச்சரிக்கை போதும். ‘உள்ளே இருக்கும் மின்னூட்டம்’ என்பதில் நீங்கள் வைத்ததும் சேரும், பொருள் முனைவுற்றதால், அதாவது அதன் அணுக்களுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகியதால், தோன்றிய கட்டுண்ட மின்னூட்டமும் சேரும். எண்ணெய்க் கடலுக்குள் ஒரு மின்னூட்டத்தை வைத்து, எண்ணெய்க்குள்ளேயே பரப்பு வரைந்தால் பாயம் மின்காப்பு மாறிலியால் வகுபட்டுக் குறையும். ஆனால் அதே மின்னூட்டத்தைச் சிறிய நெகிழி உருண்டைக்குள் பொதிந்து, உருண்டைக்கு வெளியே வெற்றிடத்தில் பரப்பு வரைந்தால் பாயம் குறையாது. உருண்டையின் கட்டுண்ட மின்னூட்டங்கள் மொத்தமாக உள்ளே வந்துவிடுவதால் அவற்றின் கூட்டுத்தொகை சுழி. மின்காப்பு மாறிலியைப் பார்த்ததும் வகுத்துவிடும் பழக்கம் இந்தக் கணக்கில் சறுக்கும்.

மின்புலத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை இங்கே விரிக்கப் போவதில்லை. கோளம், முடிவிலிக் கம்பி, முடிவிலித் தகடு, இவற்றில் மட்டும் பரப்பின் மேல் புலம் ஒரே அளவாக இருக்கும்படி ஒரு காஸியன் பரப்பைத் தேர்ந்தெடுத்துப் புலத்தைத் தொகையீட்டுக்கு வெளியே எடுத்துவிட முடியும். 20 சென்டிமீட்டர் நீளக் கம்பியைச் சுற்றி உருளை வரைந்தாலும் பாயம் சரியாகத்தான் வரும். புலம் உருளை நெடுக மாறிக்கொண்டிருப்பதால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

கடைசியாக, கூலூம் விதியிலிருந்து வருவித்ததால் காஸ் விதி அதன் மறுவடிவம்தானே, புதிதாக என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. மின்னூட்டங்கள் அசையாமல் இருக்கும்வரை அது சரி. மின்னூட்டம் வேகமாக ஓடத் தொடங்கினால் கூலூம் விதி பொருந்தாது: புலம் ஓடும் திசையில் மெலிந்து, பக்கவாட்டில் வலுத்துவிடும். ஆனால் அதைச் சுற்றி மூடிய பரப்பு வரைந்து பாயத்தைக் கூட்டினால் அதே மின்னூட்டம் ÷ எப்சிலான் நாட்தான் வரும், வேகம் என்னவாக இருந்தாலும். இதற்குச் சான்று ஒவ்வொரு அணுவிலும் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஓடுகிறது. யுரேனியத்தின் உள்கூட்டு எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுகின்றன. வேகத்தோடு பாயம் கொஞ்சமாவது மாறியிருந்தால் யுரேனிய அணு நடுநிலையாக இருக்க முடியாது, அதைச் சுற்றிய பரப்பில் ஏதோ ஒரு பாயம் மிஞ்சியிருக்கும். அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை.